ராசியான பிள்ளை சீட்டை அறுத்த கதை

தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில் எந்த வண்டியை வேண்டுமானாலும் நிறுத்தி, சீட்டின் ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள். இரட்டைத் தையல் நேராக ஓடி, முனையில் ஒரு குறுக்குத் தையலோடு முடிந்திருந்தால் அது என் கை. ஜீப், வேன், கல்யாண பஸ், டாக்டர் கார், கட்சிக்காரர் கார் என்று இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருடைய முதுகை நான் தாங்கியிருக்கிறேன். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், யார் தயவும் இல்லாமல் அல்லிநகரத்தில் சொந்த இடத்தில் கடை போட்டவன், பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

இப்போது மிஷினை விட்டு எழுந்துவிட்டேன். கடையை மகன் பார்க்கிறான். குஷன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகள் என்னைத் தேடி வந்தால் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: ரெக்சினைச் சுருக்கம் விழாமல் எப்படி இழுப்பது, மூலையை எப்படி மடிப்பது. அதெல்லாம் நாலு சீட்டைக் கெடுத்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். எதைத் தைக்கக் கூடாது என்பதைத்தான் கை கற்றுக்கொள்ளாது. அதற்கு வேறு ஒன்று வேண்டும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குத் தொழில் கொடுத்த மேஸ்திரி லாரிக்குத் தார்ப்பாய் தைத்தவர். கோபக்காரர். பழைய ஜீப் பெல்ட்டையோ நைந்த நாடாவையோ குப்பையில் போடும்போது முழ நீளத் துண்டுகளாக வெட்டித்தான் போடுவார். ஒரு நாள் பக்கத்துச் சந்துப் பெண் ஒருத்தி வந்து, "சும்மா தூக்கிப் போடுறத எனக்குக் குடுங்களேன், தொட்டில் கட்டிக்கிறேன்" என்று கேட்டாள். மேஸ்திரி மாட்டேன் என்றார். அவள் தெருவே கேட்கிற மாதிரி ஏசினாள். குப்பைக்குக்கூடக் கஞ்சத்தனமா என்றாள். மேஸ்திரி கத்தரியைக் கீழே வைத்தார். உள்ளே போய்ப் புதுச் சுருளில் இருந்து தொட்டிலுக்குத் தேவையான நாடாவை அளந்து வெட்டி, அவள் கையில் கொடுத்தார். பழசைத் தர மறுத்தவர் புதுசைச் சும்மா கொடுத்தார். அவள் போன பிறகு மறுபடியும் கத்தரியை எடுத்துப் பழைய பெல்ட்டை வெட்ட ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்கு அவர் பைத்தியக்காரராகத் தெரிந்தார். அந்தப் பைத்தியம் எனக்கு எப்போது ஒட்டியது என்பதுதான் கதை.

நான் மிஷினை விட்டு எழுந்ததற்கு முந்தைய வருஷம். மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு குடும்பத்துக் கார் கடை வாசலில் நின்றது. வாழையும் தென்னையும் வைத்திருக்கிற குடும்பம். அந்த வீட்டுப் பெரியவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன். அவருடைய முதல் ஜீப்பில் இருந்து இன்றைய கார் வரைக்கும் என் தையல்தான். அதனால் அவர் மனைவி எனக்கு மதினி. மதினி என்றால் கேலி பேச உரிமை உள்ளவர் என்று அர்த்தம். அந்த உரிமையை அவர் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

மதினி முன் கதவைத் திறந்து இறங்கினார். பின்னாலிருந்து அவர் மருமகள் கவிதா இடுப்பில் பெண் குழந்தையோடு இறங்கினாள். குழந்தைக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. கார் ஓட்டி வந்த மகன் டீ குடிக்கப் போய்விட்டான். இந்த மாதிரி நேரத்தில் ஆம்பளைகளுக்கு டீத் தாகம் எடுத்துவிடும்.

மதினி கையில் ஒரு பிள்ளை சீட் இருந்தது. காரில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கட்டுகிற சீட். நம்ம ஊரில் அதெல்லாம் சமீபத்தில்தான் கண்ணில் படுகிறது. பெரிய மகள் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டு வந்தது. என் வெட்டுப் பலகைமேல் அதைச் சாமி சிலையை இறக்குகிற மாதிரி இறக்கினார்.

"கொழுந்தனாரே, இதப் பாருங்க. பெல்ட் அறுந்திருக்கு, தச்சுக் குடுங்க. துணி அழுக்கு, நல்ல செவப்புல புதுசு போட்டுருங்க. ஞாயித்துக்கெழம பிள்ளையக் கட்டப்பனைக்குக் கூட்டிட்டுப் போறோம். மலை ஏறணும்ல."

மதினியின் மகனுக்கு அங்கே ஏலக்காய் வியாபாரம். மருமகளும் பேத்தியும் இனி அங்கேதான் குடியிருக்கப் போகிறார்கள். வாரா வாரம் மலைச் சாலையில் அந்தக் குழந்தை ஏறி இறங்கப் போகிறது.

பெல்ட் எப்படி அறுந்தது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்தக் கதை மார்க்கையன்கோட்டையில் எல்லாருக்கும் மனப்பாடம். இருந்தாலும் மதினி முழுசாகச் சொன்னார். பெரிய மகள் குடும்பம் போன காரை உத்தமபாளையத்துக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் பாலத்தில் ஒரு லாரி இடித்துத் தள்ளியது. முன்னால் இருந்த மருமகனுக்குத் தோள் எலும்பு போனது. மகளுக்கு நெற்றியில் தையல். பின்னால் இந்தச் சீட்டில் இருந்த பேரனுக்கு ஒன்றுமே இல்லை. வயலில் இருந்து ஓடி வந்தவர்களுக்குப் பெல்ட்டின் பட்டனை எப்படி அமுக்குவது என்று தெரியவில்லை. அரிவாளால் அறுத்துத்தான் பிள்ளையைத் தூக்கினார்கள்.

"ஒரு கீறல் இல்ல கொழுந்தனாரே. தூக்குனவுக கிட்ட பிஸ்கட் கேட்டுருக்கான். எப்பேர்ப்பட்ட ராசி பாருங்க. என் பேத்தியும் இதுலதான் உக்காரணும்."

இதில் மதினியைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிறந்த பிள்ளைக்கு நாம் முதல் முதலாகப் புதுத் துணியா போடுகிறோம்? நன்றாக வளர்ந்த ஒரு பிள்ளையின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கித்தானே போடுகிறோம். அந்த ஆயுசு இதற்கும் ஒட்டட்டும் என்றுதானே? சட்டைக்கு அது சரி. மதினி அதையே சீட்டுக்கும் வைத்தார். நம்ம வீட்டுப் பெண்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

இப்போது என் புத்தி போன வழியைச் சொல்கிறேன், கவனியுங்கள். அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்ததும் எனக்குள் இருக்கிற தையல்காரன் குஷியாகிவிட்டான். எந்த நூல், எத்தனை மடிப்பு, எங்கே குறுக்குத் தையல் என்று மனசு ஓடியது. நான் தைத்தால் பெல்ட் வேறு எங்கே அறுந்தாலும் அறும், என் தையலில் அறாது. அது சத்தியம். ஆனால் அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்காமல் விட்டிருப்பேன். நமக்கு நன்றாகத் தெரிந்த வேலை இருக்கிறதே, அதுதான் நம் கண்ணை மறைக்கிறது.

நல்லவேளை, புதுத் துணிக்கு அளவு எடுக்கப் பழைய துணியைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினேன். உள்ளே தலைக்குப் பக்கவாட்டில் இருந்த தெர்மாகோல் நொறுங்கிப் பொடியாகக் கொட்டியது. சீட்டின் உடம்பே ஒரு பிளாஸ்டிக் ஓடுதான்; அதைத் திருப்பினேன். பெல்ட் நுழைகிற துவாரத்திலிருந்து அடிப்பக்கம் வரைக்கும் முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பிளாஸ்டிக்கை வளைத்தால் வெளுக்குமே, அந்த வெளுப்பு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அன்றைக்கு லாரி கொடுத்த அடி முழுவதையும் பிள்ளைக்குப் பதிலாக இது வாங்கியிருக்கிறது. வாங்கித் தீர்த்துவிட்டது. இன்னொரு அடி வாங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

அடியில் எழுத்து ஏதோ அச்சடித்திருந்தது. கவிதா ராயப்பன்பட்டி பள்ளியில் படித்து, பிறகு காலேஜும் முடித்த பெண். "என்ன ஆத்தா போட்டிருக்கு?" என்று அவளைக் கேட்டேன். அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே பல தடவை வாசித்தவள் மாதிரி, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"ஆக்சிடென்ட்ல அடி வாங்கியிருந்தா மறுபடி உபயோகிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு மாமா."

"அது வெள்ளக்காரன் எழுதுனதுடி," என்றார் மதினி. "அப்படி எழுதுனாத்தான அவனுக்குப் புதுசு விக்கும்."

கவிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடையில் உட்கார்ந்து எத்தனையோ பார்வையைப் பார்த்திருக்கிறேன். விலையைக் குறைக்கச் சொல்லும் பார்வை, சீக்கிரம் முடிக்கச் சொல்லும் பார்வை. இது வேறு. மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற பார்வை. மாமியார் தூக்கி வந்த ராசியை மருமகள் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அந்தப் பெண் தன் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வாயைத் தேடி வந்திருக்கிறாள். தம்பிகளே, வேலை கொண்டு வருகிறவர்களில் சிலர் நாம் செய்து கொடுக்க வேண்டும் என்று வருவதில்லை. அவர்கள் முகத்தையும் பார்க்கப் பழகுங்கள்.

"மதினி, இது ஆகாது," என்றேன்.

"எது ஆகாது?"

"ஓடு விட்டுருச்சு. நான் பெல்ட்டத் தச்சாலும் பிள்ளையத் தாங்காது."

"இத்தன வருஷமா எதக் குடுத்தாலும் என்னால முடியும், என்னால முடியும்னு சொல்ற ஆளு," என்று மதினி சிரித்தார். "வயசாயிருச்சுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். கை நடுங்குதோ?"

"கை நடுங்கல."

"அப்பத் தைக்க வேண்டியதுதான. முடியலேன்னா விடுங்க. கம்பத்துல ஒரு பய புது மிஷின் போட்டுருக்கானாம். நொடியில தச்சுத் தாரான்னு சொன்னாக. அங்கன குடுத்துக்கிறேன்."

இது எனக்கு எங்கே குத்தியது என்று உங்களுக்குத் தெரியும். கம்பத்துப் பயலோடு என்னை ஒப்பிட்டால் நான் செத்த பிறகும் எழுந்து தைத்துக் காட்டுவேன். அந்த வீம்பில்தான் நான் கடை கட்டினேன், வீடு கட்டினேன். ஆனால் குழந்தை அந்த நேரத்தில் பலகைமேல் இருந்த என் அளவு நாடாவின் முனையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வீம்பு அடங்கிவிட்டது.

"ஆமா மதினி. என்னால முடியாது," என்றேன்.

அந்த வார்த்தையை என் கடையில் அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. உள்ளே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த என் மகன் காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மதினி கழற்றிய துணியை மறுபடியும் சீட்டின்மேல் இழுத்து மாட்டினார். பிறகு, "சரி, முடியாதவுகளப் போட்டுக் கஷ்டப்படுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சீட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

இங்கேதான் தம்பிகளே, புத்தி வந்தது. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டால் என் கை சுத்தம். சீட் சுத்தமாகிவிடுமா? அது கம்பம் போகும். அங்கே துணியைக் கழற்றாமலே பெல்ட்டைத் தைத்துக் கொடுப்பார்கள். சிவப்பு ரெக்சின் போட்டதும் கோடு ஜென்மத்துக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அதில் மலை ஏறும். சரி, கம்பத்துக்குப் போகவில்லை, மனசு மாறிக் காயலான் கடையில் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழுசாகக் கிடக்கிற பொருளை யாராவது ஆசையாக எடுத்துப் போய்த் தோட்டத்து ஜீப்பில் கட்டுவார். அதில் வேறு ஒரு பிள்ளை. மேஸ்திரி ஏன் பழைய நாடாவை முழம் முழமாக வெட்டினார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் வேண்டாம் என்று போட்டதை, நல்லது என்று நம்பி ஒருவர் எடுப்பார்.

எழுந்து ஓடினேன். ஓடினேன் என்றால் என் முழங்காலுக்கு எது ஓட்டமோ அது. வாசலில் மதினியை மறித்துச் சீட்டின் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இது இங்கனயே இருக்கட்டும் மதினி."

"என்னத்துக்கு? விடுங்க."

"குடுங்க சொல்றேன்."

"பேரன் சீட்ட ஒமக்கு எதுக்குக் குடுக்கணும்? விடும்யா."

அவர் தலைப்பக்கம் இழுத்தார். நான் கால்பக்கம் இழுத்தேன். இரண்டு கிழடுகள் நடு வாசலில் ஒரு பிள்ளை சீட்டுக்கு இழுபறி நடத்துவதை எதிர்க்கடை டயர்க்காரர் எழுந்து நின்று பார்த்தார். என் மகன் அடுத்த வாரம் வரைக்கும் வெளியே தலை காட்டவில்லை. எனக்கு வெட்கம் இல்லை. மதினிக்கும் இல்லை. வாழைத்தார் சுமந்த தோள், லேசில் விடவில்லை.

அப்போது சீட் நறுக்கென்றது.

இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டோம். சீட் தரையில் கிடந்தது. முடி மாதிரி இருந்த கோடு வாயைத் திறந்து, விரல் நுழைகிற அகலத்துக்கு விலகியிருந்தது.

மதினி குனிந்து பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த விரிசலில் ஒரு விரலை வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் அவரும் இழுத்த இழுப்புக்கே இப்படி என்றால் லாரி இடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. வேறு ஒன்று கேட்டேன்.

"போன காத்துல உங்க தோட்டத்துல வாழைக்கு முட்டுக் குடுத்த கம்பு நிறைய வளைஞ்சுபோச்சுல்ல மதினி?"

"ஆமா."

"தாரு பிழைச்சுச்சு. அந்தக் கம்ப அடுத்த வாழைக்கு ஊணுனீகளா?"

"அது எப்படி ஊணுறது? உள்ளுக்குள்ள நாரு விட்டுருக்கும். அடுப்புக்குத்தான்." சொல்லிவிட்டு விரலை விரிசலிலிருந்து எடுத்தார். "ஆனாக் கம்பு என் பேரனக் காப்பாத்தல கொழுந்தனாரே. இது காப்பாத்துச்சு. இத வெட்டிக் குப்பையில போடச் சொல்றீகளா?"

இந்த இடத்தில் நான் வாதம் பண்ணியிருந்தால் தோற்றிருப்பேன். படித்தவர்கள் நிறையப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். ராசி எல்லாம் சும்மா என்று ஆரம்பிப்பார்கள். எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். எனக்குத் துணி தெரியும். துணியில் பேசினேன்.

"ஓட்டத்தான் வெட்டணும். பேரன் முதுகு பட்டது ஓட்டுல இல்ல, துணியில. துணி நல்லாத்தான் இருக்கு. அதத் துவச்சு, பேத்திக்குப் பால் புட்டி வைக்கிற பை தச்சுத் தாரேன். போற இடமெல்லாம் கூடவே வரும்."

மதினி யோசித்தார். "அந்தத் துணிய அப்படியே புதுச் சீட்டுல விரிச்சுப்புட்டா என்ன?"

"கூடாது. பிள்ளைக்கும் சீட்டுக்கும் நடுவுல அதோட வந்ததத் தவிர ஒண்ணும் வைக்கக் கூடாது. பெல்ட் தொளதொளன்னு ஆயிரும். பைதான்."

"அங்கனயும் பேரம் பேச விட மாட்டீகளே."

அப்புறம் கையை நீட்டினார். கத்தரி கேட்டார். நான் தோல் வெட்டுகிற பெரிய கத்தரியைக் கொடுத்தேன். "அன்னைக்கு அரிவாள வச்சு யாரோ அறுத்தாக. மிச்சத்த நான் அறுக்குறேன்" என்று சொல்லி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மீதி இருந்த பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. ஓட்டை நான் ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன். இரண்டு துண்டிலும் கறுப்புப் பெயின்டில், 'உடைஞ்சது, பிள்ளைய வைக்காதீக' என்று என் கையெழுத்தில் எழுதினேன். எழுத்துப் பிழை இருந்ததா என்று கவிதாவிடம் கேட்டேன். இல்லை என்றாள்.

மதினியின் மகன் டீ குடித்துவிட்டு அப்போதுதான் வந்தான். "புதுச் சீட்டுக்கு எங்க போறது? ஞாயித்துக்கெழம போகணும்ல" என்று மதினி அவனைக் கேட்டார். அவன் கவிதாவைப் பார்த்தான். கவிதா தரையைப் பார்த்தாள்.

"எங்க அம்மா போன மாசமே வாங்கிக் குடுத்துட்டாக அத்தை. டிக்கியில இருக்கு. சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

"தவிட்டுச் சாக்குக்கு அடியிலதான?" என்றார் மதினி. "சாக்க நகத்துறப்பயே பாத்துட்டேன்டி. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லல, நான் ராசியப் பிடிச்சுக்கிட்டேன்."

கவிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் மதினி மகனை விட்டுப் புதுச் சீட்டை அங்கேயே காரில் இறுக்கிக் கட்டச் சொன்னேன். குழந்தையை உட்கார வைத்துப் பெல்ட் போட்டதும் அது கத்திக் கூப்பாடு போட்டது. மதினிக்கு அதில் ஒரு சந்தோஷம். "பாருங்க, இதுக்குப் பழசுதான் பிடிக்கும்" என்றார். இருந்தாலும், பெல்ட்டைக் கழற்றும்போது எந்தப் பட்டனை அமுக்குவது என்று கவிதாவிடம் கேட்டு, தானே அமுக்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் முன் சீட்டில் ஏறினார்.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சீட்டின் பெல்ட்டைத் தைக்காதீர்கள், உங்கள் தையல் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும். விபத்தில் அடி வாங்கிய சீட்டா, யார் வைத்திருந்தது என்றே தெரியாத பழைய சீட்டா, அடியில் போட்டிருக்கிற வருஷம் தாண்டியதா, எதையும் புதுப்பித்துக் கொடுக்காதீர்கள். மாட்டேன் என்று சொல்லி அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. சொந்தக்காரர் சம்மதத்தை வாங்கி, பெல்ட்டை அறுத்து, ஓட்டை இரண்டாக்கி, மேலே எழுதி, பிறகு வெளியே விடுங்கள். சம்மதம் வாங்க நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

போன மாதம் மார்க்கையன்கோட்டையில் ஒரு காதுகுத்து விருந்து. மதினி பந்தியில் உட்கார்ந்து, சுற்றிலும் பெண்களை வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார். பழைய கதைதான், ஆனால் வால் நீண்டிருந்தது. "கொழுந்தனார் தைக்கத்தான் எடுத்து வச்சாக. நான்தான் துணியக் கழத்திப் பாத்து, கோடு விட்டுருக்கு, இது ஆகாதுன்னு சொல்லிக் கையால இழுத்துப் பிச்சுக் காமிச்சேன்" என்றார். பெண்கள் ஆ என்று கேட்டார்கள். ஒருத்தி தன் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடக்கிறது, நாளைக்கே அறுத்துப் போடுகிறேன் என்றாள். இன்னொருத்தி, நாத்தனாரிடம் இரவல் வாங்கியதை முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றாள்.

நான் இலையில் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கவிதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் தோளில் அந்தப் பை தொங்கியது, ஓரத்தில் இரட்டைத் தையல், முனையில் குறுக்குத் தையல். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பந்தியில் மதினி பேச்சு நின்றிருக்கும். என் பேச்சைக் கேட்டு யார் பரணில் ஏறப் போகிறார்கள்? வாழ்நாளில் நான் விட்டுக்கொடுத்த ஒரே பெருமை அது.

பந்தியில்தான் விட்டுக்கொடுத்தேன். உங்களிடம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அந்தக் கோட்டை முதலில் பார்த்தது நான்தான்.